ஈரநிறை

தராசு கடன் வாங்கியது,
அக்கரைப்பற்று மீன் சந்தையில்.
முதல் நாள் முழுக்க
குப்பையோடு சேர்த்து
சூரையின் வாசனையையும் நிறுத்தோம்.

ஒலுவிலில் விடிகாலைக் காற்று உப்பு.
பெண்கள் விடுதிக்குப் பின்னால்
நீலத் தறப்பாளை விரித்து
நானும் ஹஸ்மியாவும் நுவந்திகாவும்
பைகளின் முடிச்சில் நகம் வைத்தோம்.
கட்டியவர்கள் நாங்கள்தான்.
அவ்வளவு இறுக்கமாய் ஏன் கட்டினோம்
என்றுதான் தெரியவில்லை.

யோகட் கப் நூற்றிப் பதினாறு.
பாதி குடித்த தண்ணீர்ப் போத்தல் எண்பத்தொன்று,
தண்ணீரைச் செவ்வரத்தைக்கு ஊற்றிவிட்டு எண்ணியது.
லஞ்ச் சீற் எண்ண வரவில்லை,
ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது பருப்புக் கறியால்.
நிறுத்தோம்: ஒன்பது கிலோ.
ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாள்கள்.
அதிலொன்றில் என் சுட்டெண்.
போன செமஸ்டர் ஒப்படை,
தலைப்பு: சதுப்பு நிலங்களைப் பாதுகாத்தல்.
சிவப்பு மை வட்டமிட்ட எழுத்துப்பிழைக்கு மேல்
மீன்குழம்பு.
ஹஸ்மியா சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

நுவந்திகா தன் எழுத்தில் குறிப்பெடுத்தாள்,
நாங்கள் எங்கள் எழுத்தில்.
எண்கள் மட்டும் மூவருக்கும் பொது.

இரண்டாம் நாள் மழை.
அறுபத்தொரு கிலோ எழுபத்தெட்டாகிவிட்டது.
"இதுல மழை எவ்வளவு, நாங்க எவ்வளவு?"
உடைந்த தமிழில்
உடையாத கேள்வி.
பக்கத்தில் எழுதிவைத்தோம்: ஈரநிறை.

வாயிலில் சங்கம் கட்டிய பன்னிரண்டடி பிளெக்ஸ்,
'பூச்சியக் கழிவு வளாகம்',
விழா முடிந்த மறுநாள்
கன்டீன் விறகுக்குக் கூரையாய்க் கிடந்தது.
"என்ன புள்ள, இதுதானே மீள்பயன்பாடு?"
என்றார் முசம்மில்.
பதில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.
அவர்தான் கரும்பலகையில் எழுதியும் போட்டார்:
பெட்டி கொண்டு வந்தால் பத்து ரூபா குறைவு.
முதல் கிழமை நாலு பேர்.
அதில் மூவர் நாங்கள்.
மூன்றாம் கிழமை முப்பத்தொன்று.
அன்றைக்கு என் பெட்டி களவு போனது.
எடுத்தவர் அதில்தான் சாப்பிடுகிறார் என்று நம்பி
அவரையும் கணக்கில் சேர்த்தேன்.

குறைந்தது, ஓம், குறைந்தது.
ஆனால் வெள்ளிக்கிழமை
பாதி விடுதி ஊருக்குப் போயிருந்தது.
அதையும் அடிக்குறிப்பில் போட்டோம்,
விரிவுரையாளர் கேட்கும் முன்.

பிறகு ஒரு பின்னேரம்
டிராக்டருக்குப் பின்னால் ஓட்டோவில் போனோம்.
வயல் முடிந்து பற்றைக்காடு தொடங்கும் இடம்.
வேலிக்கு அப்பால் ஏழு யானைகள்,
பன்னிரண்டரைக்கு கன்டீன் வாசலில் நாங்கள் நிற்பதுபோல,
அவசரமில்லாத மாதிரி.
டிராக்டர்ச் சத்தம் அவற்றுக்கு மணி.

பழைய இலத்தி ஒன்றை
நுவந்திகா குச்சியால் பிரித்தாள்.
உள்ளே லஞ்ச் சீற்,
கிழியவில்லை,
மடித்த மடிப்பும் குலையவில்லை.
அவ்வளவு பெரிய வயிறு
அதை வைத்துக்கொள்ளவும் தெரியாமல்
விடவும் தெரியாமல்
எத்தனை நாள் சுமந்ததோ.

குழம்பு பட்ட ஒப்படையில் என் சுட்டெண் இருந்தது.
இதில் யாருடைய பெயரும் இல்லை.
மூவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

கொண்டுவந்து கழுவி
ஆய்வுகூடக் கனலடுப்பில் காயவைத்து
மின்தராசில் நிறுத்தோம்.
உலர்நிறை: நாலு கிராம்.

விடுதி, கன்டீன், நூலகம், விரிவுரை மண்டபம்.
அட்டவணையில் எந்த நிரலிலும் அது அடங்கவில்லை.
நுவந்திகா அடிமட்டம் வைத்து
ஐந்தாவதாய் ஒரு நிரல் கீறினாள்.
தலைப்பு இன்னும் எழுதவில்லை.

தராசைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது
மீன்காரர் தட்டை மோந்து பார்த்துவிட்டு
கழுவிக்கொண்டு வரச் சொன்னார்.